மெல்லிசாக இருந்தால்தான் அசல்: புதுச்சேரிப் பட்டறையில் செய்த தோல் வணிக வெள்ளி நகல்கள்

நேரு வீதிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் வெள்ளி என்றால் கொலுசு, மெட்டி, அரைஞாண், குங்குமச்சிமிழ், காமாட்சி விளக்கு. அந்த வீதியை விட்டு விலகிப் பெரிய மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போகும் சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. அங்கே மூன்று பத்தர்கள் செய்வது நம் ஊர்ச் சரக்கு அல்ல. வட அமெரிக்காவில் பீவர் என்ற நீர்விலங்கின் தோலுக்கு மாற்றாகக் கைமாறிய வெள்ளி நகைகளின் நகல். கடைச்சரக்காக எதுவும் இருக்காது, ஆர்டர் கொடுத்தால்தான் வேலை. இங்கே மதிப்பிடுவது 16 உருப்படிகள் கொண்ட ஒரு ஆர்டரை: வட்ட புரோச் (துணியில் ஊசியால் குத்தும் நகை) 6, இதய புரோச் 4, கிரீடம் வைத்த இரட்டை இதயம் 2, காதுக்குண்டு 2 ஜோடி, இரட்டைக் குறுக்குச் சிலுவை 1, கைப்பட்டை 1.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கைவேலை முதல் தரம். குறைகளில் முதன்மையானது தடிமன். அந்தத் தடிமனுக்குக் காரணம் பத்தரின் கை அல்ல, நாம் வெள்ளி வாங்கும் முறை.

தோல் வணிக வெள்ளி எது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஏறத்தாழ 1760 முதல் 1821 வரை இதன் பொற்காலம். மான்ட்ரியலில் ராபர்ட் குரூக்‌ஷாங்க், பியேர் யுகே லத்தூர், ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் ரிச்சர்ட்சன் போன்ற தட்டார்கள் புரோச்சுகளையும் கைப்பட்டைகளையும் கழுத்துப் பிறைகளையும் கணக்கில்லாமல் அடித்துக் கொடுத்தார்கள். வணிகர்கள் அவற்றைப் படகில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், பூர்வகுடி வேட்டைக்காரர்களிடம் தோலுக்குக் கொடுத்தார்கள். 1821இல் தோல் வணிகம் செய்த நார்த் வெஸ்ட் கம்பெனி, எதிராளியான ஹட்சன் பே கம்பெனியோடு இணைந்து போட்டி ஒழிந்ததும் வெள்ளிக்கான தேவை சரிந்தது. அதற்குப் பிறகு இரோகுவா என்ற பூர்வகுடி மக்களின் கைவினைஞர்களே நாணயங்களைத் தட்டி புரோச் செய்தார்கள். இன்று இந்த நகல்களை வாங்குபவர்கள், பழைய வணிகக் கோட்டைகளில் அந்தக் காலத்து உடை உடுத்து அன்றைய வாழ்க்கையை நடித்துக்காட்டும் குழுவினர், அருங்காட்சியகக் கடைகள், சில சேகரிப்பாளர்கள்.

புதுச்சேரிக்கும் இதற்கும் என்ன ஒட்டு என்று கேட்டால், ஒன்று உண்டு. 1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில்தான் பிரான்ஸ் கனடாவைக் கைவிட்டது. 1761இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி, அதே ஒப்பந்தத்தில்தான் பிரான்சுக்குத் திரும்பி வந்தது. ஸ்பானிய அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளி அங்கே உருகி புரோச் ஆனது. இங்கே, 1736இல் நாணயம் அடிக்க அனுமதி கிடைத்தபின், பிரெஞ்சுக் கம்பெனியின் நாணயச்சாலையில் ரூபாய் ஆனது.

இனி சரக்குக்கு வருவோம்.

வட்ட புரோச்தான் இந்தக் கலையின் அரிச்சுவடி. நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தகடு, ஓட்டையின் ஓரமாக ஒரு சின்னப் பிளவு, அந்தப் பிளவுக்கும் ஓட்டைக்கும் நடுவே மிஞ்சும் மெல்லிய பாலம், பாலத்தைச் சுற்றி மடித்த ஊசி. இதில் எங்கேயும் பற்றவைப்பு இல்லை, கொக்கியும் இல்லை. துணியைப் பின்புறமிருந்து ஓட்டைக்குள் மேலே தள்ளி, மேலெழுந்த மடிப்பில் ஊசியைக் குறுக்கே குத்தி, துணியைத் திரும்பக் கீழே இழுத்துவிட்டால், ஊசியின் நுனி எதிர் விளிம்பில் படிந்து நின்றுவிடும். துணியின் இழுப்பே பூட்டு.

இதற்குத் தகடு 0.4 மி.மீ. போதும். வெளிவிட்டம் 20 மி.மீ., ஓட்டை 10 மி.மீ., தடிமன் 0.4 என்று வைத்துக்கொண்டால் வளையம் மட்டும் 1 கிராமுக்குச் சற்றே குறைவு. ஊசியோடு சேர்த்து 1.1 கிராம். முதல் தவணையாக வந்த ஆறு வட்ட புரோச்சுகளை எடை போட்டால் ஒவ்வொன்றும் 1.8 கிராமுக்கு மேல். அளவுகோல் வைத்தால் தகடு 0.7 மி.மீ. பட்டறையின் பதில் எதிர்பார்த்ததுதான்: "சார், அவ்வளவு மெல்லிசா கொடுத்தா நாளைக்கு வளைஞ்சுபோச்சுன்னு எங்க மேல தானே சொல்லுவாங்க?"

அந்தப் பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறி வந்திருக்கிறது. நம்மிடம் வெள்ளி கிராம் கணக்கில் போகிறது. செய்கூலியும் கிராமுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. கனமான கொலுசு நல்ல கொலுசு. மெல்லிசாகச் செய்பவர் கூலியிலும் நஷ்டப்படுகிறார், பெயரையும் கெடுத்துக்கொள்கிறார். தோல் வணிக வெள்ளியோ உருப்படிக் கணக்கில் போன சரக்கு. ஒரே நாணயத்திலிருந்து எத்தனை புரோச் எடுக்கலாம் என்பதுதான் அங்கே சாமர்த்தியம். கனமாகச் செய்த வட்ட புரோச் பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அது பழைய நகையின் நகல் அல்ல, புதிய நகை. நடைமுறையிலும் உதைக்கிறது: எடை கூடினால் மெல்லிய பருத்தித் துணி தொங்கிப்போகும், பத்து புரோச்சை வரிசையாகக் குத்தும் மேலங்கியில் பாரம் ஒன்றரை மடங்கைத் தாண்டும்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது கூலியை உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கிராம் கணக்கை விட்டதும் தடிமன் தானாகக் குறைந்தது. இரண்டாம் தவணையில் வந்த ஆறும் 0.42 மி.மீ.க்குள் நின்றன. கேஜ் எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுக்கவே கூடாது. அமெரிக்க 24 கேஜ் என்பது 0.51 மி.மீ. நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் 24 கேஜ் 0.56. வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து எண்ணை மட்டும் ஒப்பித்தால், பட்டறை சரியாகச் செய்தும் சரக்கு தவறாக வரும். மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள், வாங்கும்போது ஒரு டிஜிட்டல் காலிப்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

0.4 மி.மீ. தகட்டை வாளால் அறுப்பது தனிப் பாடு. வாளின் பல் இடைவெளி தகட்டின் தடிமனைவிடப் பெரிதாக இருந்தால் பல் தகட்டில் மாட்டி இழுக்கும். தகடு கிழியும், இல்லாவிட்டால் வாள் முறியும். இங்கே முதலில் எடுத்தது 2/0 வாள். அதன் பல் இடைவெளியே ஏறத்தாழ 0.45 மி.மீ., பிறகு ஓரம் பிசிறு தட்டாமல் எப்படி வரும்? இரண்டு வழிகள் உண்டு. மூன்று நான்கு தகடுகளை அடுக்கி ஒட்டி ஒரே மூச்சில் அறுப்பது ஒன்று. பழையவர்களைப் போல உளியால் வெட்டுவது மற்றொன்று. பழைய துண்டுகள் பலவற்றின் உள்விளிம்பில் உளி விழுந்த தடம் இன்றும் தெரியும். இந்தப் பட்டறை இரண்டாம் வழிக்கு மாறியதும் வேலையின் தோரணையே மாறிவிட்டது. இதய வடிவ ஓட்டையின் மேல்வளைவில் நான்கு சிறு வெட்டுகள் சேர்ந்த மூலை, அரத்தால் முழுக்க மழிக்கப்படாமல் இருந்தது. அதுதான் வேண்டும். லேசர் வெட்டில் அது ஒருநாளும் வராது.

ஊசியில் மட்டும் ஒரு அடிப்படைத் தவறு நேர்ந்தது. இரண்டு புரோச்சில் ஊசியைப் பாலத்தில் சுற்றியபின், ஆடாமல் இருக்கட்டும் என்று ஒரு துளி பற்றவைப்புப் பொடி வைத்து ஊதியிருந்தார்கள். பொடி வைத்துப் பேசுவது என்று ஒரு வழக்கு உண்டு. பேச்சில் அது சாமர்த்தியம், இந்த ஊசியில் அது கெடுதி. பற்றவைக்கும் சூட்டில் தட்டி இறுக்கிய வெள்ளி மெழுகுபோல் இளகிவிடும். நான்காவது முறை குத்தும்போதே ஊசி வில்லாக வளைந்தது. போதாததற்கு, கீல் அசையாமல் பிடித்துக்கொண்டதால் ஊசி மேலெழவும் இல்லை. சரியான முறை: 1.2 மி.மீ. கம்பியைக் கடைசியாக ஒருமுறை நெருப்பில் காட்டி இளக்கி, அதன்பின் நெருப்பே படாமல் ஏறத்தாழ 0.6 மி.மீ. தட்டையாகத் தட்டி, நுனியை அரத்தால் கூராக்க வேண்டும். பாலத்தில் சுற்றும் முனையை மட்டும் மெல்லிசாக அடித்துக் குறட்டால் மடிக்கலாம். ஊசியின் நீளம் ஓட்டையைவிட 2 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் நுனி ஓட்டைக்குள் விழுந்துவிடும், அதிகமானால் துணி நூலை இழுக்கும்.

கிரீடம் வைத்த இரட்டை இதயம் ஸ்காட்லாந்திலிருந்து வந்த உரு. எடின்பரோவில் செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி, பூட்டி வைக்கும் சிறு கடைகளில் விற்றதால் அங்கே லக்கன்பூத் என்று பெயர். கனடாவுக்கு வந்தபின் இரோகுவா மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். இந்தப் பட்டறையின் இரட்டை இதயத்தில் கிரீடம் கொஞ்சம் நம் அம்மன் கிரீடத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. நடுக் கொம்பு உயரமாகவும் இரண்டு பக்கமும் சரிவாகவும். கெடுதி என்று சொல்ல முடியாது, கண் பழகிய வழியில் கை போகிறது. ஆனால் நகல் என்று விற்பதாக இருந்தால் வரைபடத்தை உண்மை அளவில் அச்செடுத்துத் தகட்டின்மேலேயே ஒட்டிக் கொடுங்கள். பார்த்து வரையச் சொன்னால் கிரீடம் புதுச்சேரியிலேயே தங்கிவிடும்.

கீறல் வேலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தட்டை முனை உளியை இடமும் வலமுமாக ஆட்டியபடி முன்னே தள்ளினால் விழும் நெளிகோடு, தோல் வணிக வெள்ளியின் கையெழுத்து. வேகமாகக் கோடு போட வேண்டிய தட்டார்களின் உத்தி அது. நம் பத்தர்களுக்கு இது புதிதல்ல, பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில் இதன் சாயல் உண்டு. கைப்பட்டையின் ஓரம் முழுக்க இரட்டை நெளிகோடு, ஒரு இடத்திலும் தடம் நழுவவில்லை. உளியின் அகலம் 1 மி.மீ.க்கு மேல் போனால் கோடு முரட்டுத்தனமாகிவிடும் என்பதை அவர்களே கண்டுபிடித்து 0.8க்கு மாற்றியிருந்தார்கள்.

ஆனால் அந்தக் கோட்டையெல்லாம் மழுங்க அடித்தது பாலிஷ் சக்கரம். மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரம் கீறலின் கூரிய கரையை நிமிடத்தில் தேய்த்துவிடும், ஓரங்களை உருட்டிவிடும். கடைசியில் பொருள் நேற்று வாங்கிய கொலுசு போல மின்னும். பழைய வெள்ளிக்கு வேண்டியது இதற்கு முன்பு நம் ஊரில் இருந்த முறைதான்: புளிக் கரைசலில் கொதிக்க வைத்து, பூந்திக்கொட்டை நுரையில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, கரித்தூளால் கையால் மெருகு போடுவது. கேட்டால் செய்து தருகிறார்கள், ஒரு உருப்படிக்குக் கூடுதலாக 40 ரூபாய். கேட்காவிட்டால் சக்கரம்தான். மின்முலாம் வேண்டாம் என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி, நெருப்புக் கறை. 925 வெள்ளியில் 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. திரும்பத் திரும்பச் சூடேற்றும்போது காற்று செம்பைப் பிடித்து, மேல்தோலுக்குக் கீழே சாம்பல் கலந்த செந்நிழலாகத் தங்கிவிடும். மெருகு போட்டபின்தான் அது கண்ணுக்குத் தெரியும். முதல் கைப்பட்டையின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு இந்த நிழல் இருந்தது. தடுக்க, ஒவ்வொரு முறையும் நெருப்பில் வைக்குமுன் வெண்காரக் குழம்பை இரண்டு பக்கமும் பூச வேண்டும். பற்றவைக்கும் இடத்தில் மட்டும் பூசினால் போதாது. சூடும் மங்கிய சிவப்பைத் தாண்டக் கூடாது, ஏறத்தாழ 650 டிகிரி. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால்தான் அந்தச் சிவப்பு தெரியும். பட்டறை வாசல் வெயிலில் உட்கார்ந்து ஊதினால் தெரியாது, அதற்குள் சூடு எகிறிவிடும்.

காதுக்குண்டு இந்தப் பட்டறையின் சொந்த ஊர். இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து 7 மி.மீ. உருண்டை, அடியில் சிறு கூம்புத் தொங்கல், மேலே கம்பிக் கொக்கி. தாலிக்குண்டு செய்து பழகிய கைக்கு இது விளையாட்டு. மூட்டுக் கோடு தெரியவே இல்லை. காற்று போக ஊசித் துளை விட்டிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் பற்றவைக்கும்போது உள்ளே மாட்டிய காற்று விரிந்து மூட்டு பிளக்கும், அமிலம் உள்ளே தங்கினால் மாதக்கணக்கில் கசிந்து கறுக்கும். ஒன்றே ஒன்று கவனிக்க: காதில் படும் நகை என்பதால் கேட்மியம் கலந்த பொடி வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். கேடிஎம் என்று தங்கக் கடைகளில் ஒருகாலத்தில் பெருமையாகச் சொன்னது அதே கேட்மியம்தான். பத்தரின் நுரையீரலுக்கும் அது ஆகாது.

அரைக்கோளத்தை ஈயக் கட்டியின்மேல் வைத்து அடிக்கிறார்கள். அது பழைய முறை, தவறில்லை. ஆனால் வெள்ளியில் ஒட்டிய ஈயப் பொடியைத் துடைக்காமல் சூடேற்றினால் ஈயம் வெள்ளியைத் தின்று குழி பறித்துவிடும். ஒரு ஜோடியில் அப்படி இரண்டு குழிகள். அடிக்குமுன் நடுவே ஒரு மெல்லிய தோல் துண்டை வைத்தால் வேலை முடிந்தது. சொன்ன அன்றே மாற்றிக்கொண்டார்கள்.

சிலுவை சரி. சொல்ல அதிகம் இல்லை.

கைப்பட்டையில் எடைக்கணக்கு முக்கியம். 24 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 0.5 மி.மீ. தடிமன் என்றால் ஏறத்தாழ 75 கிராம். அதையே 0.7இல் செய்தால் 104. பழையவற்றில் பட்டையை விறைப்பாக நிறுத்துவது தடிமன் அல்ல, ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் புடைப்பு வரிகள். இங்கே அரக்கில் பதித்து வரிகளை எழுப்பியிருக்கிறார்கள். நீளம் முழுக்க ஒரே ஆழம், அருமையான வேலை. முனைகளில் ரிப்பன் கட்டத் துளைகள் உண்டு. முதலில் திருகாணி போட்டுத் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், மேல்கையில் ரிப்பனால் இழுத்துக் கட்டுவதுதான் வழக்கம்.

உலோகத்தைப் பற்றி ஒரு சொல். அக்காலத் தட்டார்கள் உருக்கிய ஸ்பானிய டாலரின் தரம் 1772க்கு முன் ஆயிரத்துக்கு 917, அதன்பின் 903. எனவே 925இல் செய்வது அசலைவிட ஒரு படி மேல். 900 கேட்டால் பட்டறை கலந்து தருகிறது, நிறம் இன்னும் நெருக்கமாக வருகிறது, தட்டும்போது சற்று விறைப்பு. ஊசிக்கு அது நல்லது. ஹால்மார்க் வேண்டுமென்றால் இரண்டு தரமும் இந்தியத் தரநிலையில் உண்டு. முத்திரைக்கு அனுப்பும் நாட்களை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முத்திரை என்றதும் ஒரு கடுமையான எச்சரிக்கை. பட்டறையின் மாதிரிப் பலகையில் குரூக்‌ஷாங்கின் "ஆர்.சி." முத்திரையையும் நகலெடுத்து அடித்து வைத்திருந்தார்கள். பத்தருக்கு அது இன்னொரு பூ வேலை போலத்தான். வாங்குபவருக்கு அது போலி. பத்து ஆண்டு புழங்கி மங்கியபின், அந்த முத்திரை போட்ட புரோச் யாரோ ஒருவரின் கையில் பழம்பொருளாக விலைபோகும். முன்பக்கம் என்ன அலங்காரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், பின்பக்கம் பட்டறையின் சொந்த முத்திரையும் தரமும் மட்டும் போதும். இந்த ஆர்டரில் அப்படியே செய்து தந்தார்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்புபவர்கள் மேலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பூர்வகுடிப் பாணி நகை அங்கே இறக்குமதியாகும்போது, எந்த நாட்டில் செய்தது என்பது அழியாதபடி பொருளிலேயோ, அதில் நிரந்தரமாகப் பொருத்திய உலோக அல்லது பிளாஸ்டிக் பட்டையிலோ வெட்டியோ அடித்தோ இருக்க வேண்டும். தொங்கவிட்ட காகிதச் சீட்டு செல்லாது. இரண்டாவது, 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடியினர் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம். நம் பட்டறைகள் பெட்டியின்மேல் பெருமையாக ஒட்டும் "இந்தியன் ஹேண்ட்மேட்" என்ற வாசகத்துக்கு அங்கே அர்த்தமே வேறு! "இந்தியா" என்று நாட்டின் பெயரை மட்டும் அடியுங்கள், "இந்தியன்" என்ற சொல்லே வேண்டாம்.

செலவு: வெள்ளிக்கு அன்றைய விலை, சேதாரம் 6 சதவீதம், மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. உருப்படிக் கூலி வட்ட புரோச்சுக்கு 220 ரூபாய், இதயத்துக்கு 350, கிரீட இரட்டை இதயத்துக்கு 600, காதுக்குண்டு ஜோடி 700, சிலுவை 450, கைப்பட்டை 2,800. சிறு புரோச்சில் வெள்ளியைவிடக் கூலி கூடுதலாகத் தெரியும், ஒரு கிராம் பொருளில் அப்படித்தான் இருக்கும். சொன்ன நாள் 12, வந்த நாள் 19. இடையில் ஒரு முகூர்த்த வாரம், பட்டறை முழுக்கக் கொலுசு வேலையில் போய்விட்டது. ஆவணி, தை மாதங்களில் ஆர்டர் கொடுத்தால் இன்னும் தாமதமாகும். பேச்சில் நேர்மை இருக்கிறது. 0.7 மி.மீ. புரோச்சுகளை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு, உருக்கி அதே வெள்ளியிலேயே மறுபடி செய்தார்கள். இரண்டாம் கூலி கேட்கவில்லை.

பாதுகாப்புக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கடற்காற்று ஊர், வெள்ளி சீக்கிரம் கறுக்கும். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் பக்கத்தில் இருக்கக் கூடாது, இரண்டிலும் கந்தகம் உண்டு. ஒவ்வொன்றையும் தனி ஜிப் கவரில், ஈரம் உறிஞ்ச ஒரு துண்டு சாக்பீஸோடு போட்டு வையுங்கள். கீறலின் பள்ளத்தில் கறுப்பு தங்கினால் துடைக்க வேண்டாம், கோடு எடுப்பாகத் தெரிவது அதனால்தான்.

அணிந்து பார்க்க நினைப்பவர்கள் பட்டில் குத்திவிடாதீர்கள், மடிப்பை இழுத்த இடத்தில் தடம் நிரந்தரமாக நிற்கும். கைத்தறிப் பருத்தியில், இழை சற்றுத் தளர்ந்த குர்த்தாவிலோ துண்டிலோ, 20 மி.மீ. வட்டம் நன்றாக உட்காருகிறது. புதுத் துணி விறைப்பாக இருந்தால் மடிப்பு ஓட்டைக்குள் ஏறாது, இரண்டு முறை துவைத்தபின் குத்துங்கள்.